காசில் பூத்த தும்பை

அந்தக் காலத்தில் கழுதைகூட வாய் திறந்தால் நியாயம் பேசும். மனிதர்களுக்குத்தான் அது கொஞ்சம் சிரமம்.

அப்போது காசின் ஒரு பக்கத்தில் ராசாவின் தலை இருக்கும். மறுபக்கம் வெறுமனே மொழுமொழுவென்று கிடக்கும். காசுக்கு அச்சு வெட்டியவள் காமாயி. அரண்மனைக் காசுப்பட்டறையில் மூட்டை சுமந்தது ஒரு கழுதை. இருவருக்கும் நல்ல சிநேகம்.

ஊரின் பெரிய எண்ணெய் வியாபாரி கூத்தப்பன் ஒருநாள் ராசாவிடம் போனான்.

"மறுபக்கம் சும்மாதானே கிடக்கிறது, மகாராசா? என் கடை எண்ணெய்க்குடத்தை அதில் போடுங்கள். உடைந்த ஏரிக்கரையை என் செலவில் கட்டித் தருகிறேன்."

ராசாவுக்கு வாயெல்லாம் பல். காமாயி குடத்தை வெட்டினாள். சொன்ன வேலையைச் செய்யாமல் என்ன செய்வாள்?

அந்த வாரக் கூலி குடக்காசாக வந்தது. அவள் புருசனுக்கோ கடுங்காய்ச்சல். சுக்கும் மிளகும் வாங்க ஓடினாள். சுக்குக்கடைக்காரன் எண்ணெயும் விற்பவன். காசைப் புரட்டிப் பார்த்ததுமே மூஞ்சியைச் சுளித்தான்.

"இதை வாங்கிப் புழங்கினால், கூத்தப்பன் சரக்குக்கு நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா? கொண்டுபோ தாயி!"

அடுத்த கடையிலும் அதே கதை. பொழுது சாயும்வரை அலைந்து வெறுங்கையோடு திரும்பினாள். புருசன் வெடவெடவென்று நடுங்கிக் கிடந்தான். பாவி மகளே, உன் கையால் வெட்டியதுதானே இது என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் குடம் இருந்த அச்சைத் தூக்கி எறிந்தாள். புது அச்சில் ஒரு தும்பைப்பூவை வெட்டினாள். வேலியோரம் தானாக முளைக்கிற பூ. அதை விற்கிற கடையும் இல்லை, வாங்குகிற ஆளும் இல்லை.

விசயம் தெரிந்ததும் கூத்தப்பன் குதியோ குதியென்று குதித்தான். ராசா காமாயியை இழுத்துவரச் சொன்னார்.

"யாரைக் கேட்டு மாற்றினாய்?"

"யார் கடைச் சரக்கும் காசில் இருக்கக்கூடாது ராசா. இந்தப் பூக்காசை எல்லாரும் வாங்குவார்கள்."

"எல்லாருமா? நாளைக் காலையில் கழுதை இந்தக் காசோடு கடை கடையாகப் போகட்டும். ஒரு கடைக்காரன் மறுத்தாலும் உன் வலது கையை வெட்டிவிடுவேன்."

கூத்தப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். மறுக்கிற அந்த ஒரு கடைக்காரன் யாரென்று காமாயிக்குத் தெரியாதா?

விடிந்தது. கடைத்தெரு முனையில் மரக்கட்டைமேல் அவள் கையை வைத்துக் கட்டினார்கள். பக்கத்தில் கத்தியோடு சேவகன். சுக்குக்கடைக்காரன் பூக்காசை வாங்கினான். உப்புக்கடை, புளிக்கடை, துணிக்கடை எல்லாம் வாங்கின. மீதி கூத்தப்பன் கடை ஒன்றுதான்.

அவன் அப்போதுதான் கடை திறந்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கழுதை சத்தமில்லாமல் போய் நின்றது. அட, பேசித் தொலையேன் என்று காமாயிக்குப் பதறியது. விரல்கள் மரத்துப்போயின.

சாம்பிராணிப் புகை கடையை நிறைத்ததும் கழுதை சொன்னது: "முதலாளி, முதல் போணி! பிண்ணாக்கு கொடுங்கள்."

முதல் போணியை எந்த வியாபாரியாவது வேண்டாமென்பானா? கண்ணைத் திறக்கும் முன்னே கூத்தப்பனின் கை தானாக நீண்டது. முப்பது வருசப் பழக்கம். கழுதை உள்ளங்கையில் காசை வைத்தது. வாங்கினான். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். காமாயி மூச்சுவிடவில்லை. காசு கல்லாவில் 'ணங்'கென்று விழுந்தது.

அப்புறம்தான் அவன் கண் திறந்து யாரென்று பார்த்தான். "ஐயையோ!" என்று கல்லாவுக்குள் கையை விட்டான்.

"கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்ட போணியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களா முதலாளி?" என்றது கழுதை. தெருவே கொல்லென்று சிரித்தது. கூத்தப்பன் பிண்ணாக்கை எடுத்துப் போட்டான். சேவகன் கட்டை அவிழ்த்தான். காமாயி தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு பூக்காசோடு புருசனுக்குச் சுக்கு வாங்க ஓடினாள்.

அன்று முதல்தான் காசுக்கு ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பூ. இன்றைக்கும் நாம் பூவா தலையா என்று காசைச் சுண்டிவிட்டு, அது விழும்வரை காமாயியைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.