சாந்து விழுந்த பிடரி

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு நாட்டின் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் கல்லால் ஒரு மாதா கோயில் எழுந்தது. கட்டியவர் கொத்தனார் ஒபேர். வேலையில் புலி. கோபத்திலும் அப்படித்தான்.

சுவர் உயர உயர அதில் சதுரத் துளை விட்டு, கட்டை செருகி, மேலே பலகை போட்டுச் சாரம் கட்டுவார்கள். மணிக்கூண்டை எழுப்பும்போது கட்டை போதவில்லை. ஒபேர் தன் கொல்லையில் நின்ற ஓக் மரத்தை வெட்டிக் கொடுத்தார். அதன் நிழலில்தான் அவரும் மனைவி ஒதீலும் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். மரப்பொந்தில் குடியிருந்த சின்னக் காகங்களுக்கு ஒதீல் பாதியை வீசிவிடுவாள். அவள் போனபின் அந்த நிழலைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. வெட்டுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது, வெட்டிவிட்டார்.

கோபுரம் முடிந்தபோது பனி தொடங்கிவிட்டது. குளிரில் சாந்து இறுகாது. அதனால் மேல்வரிசைக் கட்டைகளை மட்டும் உருவிவிட்டு, துளைகளை அடைக்கும் வேலையை வசந்தத்துக்குத் தள்ளிவைத்தார்.

வசந்தத்தில் சாந்துச் சட்டியோடு ஏறினால், முதல் துளையிலேயே ஒரு சின்னக் காகம். உடம்பெல்லாம் கன்னங்கரேல்.

“எந்திரி, அடைக்கணும்.”

“முட்டை இருக்கு.”

“வேற இடம் பாரு.”

“என் இடத்து மேலதான் நீங்க நிக்கிறீங்க,” என்றது காகம்.

ஒபேர் குனிந்து பார்த்தார். காலடியில் கிடந்தது அவர் வெட்டிக் கொடுத்த ஓக் கட்டை; அதன் ஓரத்தில் பாதிப் பொந்து தெரிந்தது.

கீழிருந்து பங்குச் சாமியார் கத்தினார். “ஒபேர்! ஞாயித்துக்கிழமை பிஷப் ஆண்டகை கோயிலை மந்திரிச்சுத் திறந்துவைக்க வர்றார். ஓட்டைச் சுவரைப் பாத்தா அப்படியே திரும்பிடுவார். பன்னெண்டு வருஷ உழைப்பு!”

ஒபேர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டிச் சாந்தை வீசினார். அது காகத்தின் பிடரியில் பொத்தென்று விழுந்தது. சுண்ணாம்பு எரிந்திருக்கும். காகம் நகரவில்லை, சிறகை இன்னும் அகல விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது.

“அந்தம்மா இருந்தா ரொட்டி வீசியிருப்பாங்க,” என்று மட்டும் சொன்னது.

ஒதீல் செத்த அன்றுகூட அழாத மனிதர் சாரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பிறகு சட்டைக் கையால் அதன் பிடரியைத் துடைத்தார். சாந்து போயிற்று, கறுப்பு திரும்பவில்லை. சட்டியைக் கீழே கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார்.

ஞாயிறன்று ஆண்டகை சுவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்ப்பா, வேலை பாக்கி இருக்கே?”

“இல்லீங்க ஆண்டகை, முடிஞ்சிடுச்சு. இந்தக் கோயிலுக்காக ஒரு வீட்டை வெட்டினேன். அந்த வீட்டுக்காரங்களுக்கு வாசல் விட்டிருக்கேன்.”

அப்போது மேலே, துளைக்குள், அன்று காலை பொரித்த குஞ்சுகள் கீச்சிட்டன. ஆண்டகை அண்ணாந்து கொஞ்சநேரம் கேட்டார். பிறகு தீர்த்தத்தைக் கையெட்டிய மட்டும் உயரத் தெளித்தார்.

அன்று முதல்தான் அந்த நாட்டுப் பழைய கோயில் சுவர்களில் சதுரத் துளைகள் வரிசையாக அடைபடாமல் இருக்கின்றன. சின்னக் காகமும் சுண்ணாம்பு படிந்த பிடரியோடு, மரத்தை மறந்து, மணிக்கூண்டிலேயே குடியிருக்கிறது.