முதலை நாக்கில் விழுந்த முத்திரை

அந்தக் காலத்தில் முதலைக்கு நாக்கு நீளம். மாடு தன் மூக்கைத் துழாவிக்கொள்கிறதே, அதைவிட நீளம். மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தால் நாக்கை நீட்டியே விரட்டிவிடும். பேச்சும் அதே மாதிரி நீளம்தான். மனிதர்களும் மிருகங்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

எகிப்து தேசத்தில், நைல் ஆற்றங்கரையில் ஒரு பட்டணம். வெளியூர்க்காரர்கள் அதை முதலைப் பட்டணம் என்பார்கள். அங்கே கோயில் குளத்தில் ஒரு முதலை இருந்தது. காதில் தங்கக் கடுக்கன், முன்னங்காலில் காப்பு. ஊரே அதைப் பெரியவர் என்றுதான் கூப்பிடும். யாருக்காவது ஒரு பொருள் களவு போனால் தீர்ப்புச் சொல்வது பெரியவர். சந்தேகத்துக்கு ஆளானவர் உள்ளங்கையில் தேன் பணியாரத்தை வைத்து நீட்டவேண்டும். பெரியவர் தின்றுவிட்டால் அந்த ஆள் யோக்கியர். தின்றபின் கையில் ஒட்டிய தேனையும் நக்கிவிட்டு, "போ, போய்ப் பிழைப்பைப் பாரு" என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தீர்ந்தது. அந்த ஆளைத் துடுப்பில்லாத நாணல் படகில் ஏற்றி வெள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஊரில் களவு இல்லாத நாட்களில் பெரியவருக்கு வெறும் பார்லி ரொட்டிதான். அந்த வருஷம் பார்த்து வெகுநாளாகக் களவே இல்லை.

ஹெனுத் என்று ஒரு விதவை. விதைத் தானியக் களஞ்சியத்துக்கு அவள்தான் காவல். ஆற்றில் வெள்ளம் வருவதற்கு முன்பு விதையை உள்ளே கொட்டி, கதவுத் தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஆற்று வண்டலை உருண்டையாக அப்பி, ஈரம் காயுமுன் முத்திரை குத்திவிடுவாள். வண்டு வடிவில் செதுக்கிய சின்னக் கல் முத்திரை. தினமும் காலையில் போய், மண் விண்டிருக்கிறதா, வண்டு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பாள். தண்ணீர் வடிந்ததும் ஊர் பார்க்க அதை உடைத்து விதை கொடுப்பார்கள். அந்த முத்திரை வேறொருவன் கைக்குப் போனால்? கதவைத் திறந்து வேண்டியதை அள்ளிக்கொண்டு மறுபடி குத்திவைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம் ஹெனுத் குளத்துப் படியில் முத்திரையின் மண்ணைக் கழுவி, பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து முகம் கழுவினாள். நிமிர்ந்தால் முத்திரையைக் காணோம்.

படியைத் தடவினாள். தண்ணீரைத் துழாவினாள். இல்லை. அங்கே இருந்தவர்கள் யார்? நார்த்துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மெரித். விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த பூசாரி பாசேர். கரையில் ஆள்காட்டிக் குருவி. பெரியவர் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தார், பாவம், எப்போதும் போல.

"யார் எடுத்தது?" என்று கேட்டாள் ஹெனுத்.

"என்னைப் பார்த்து ஏன் கேக்கிற?" என்றாள் மெரித்.

"நான் உன்னைப் பார்க்கவே இல்லையே, அக்கா."

"அதான் சொல்றேன். பார்க்காம கேக்கிற பாரு, அதுதான் குத்துது."

ஆள்காட்டிக்கு ஊர்வம்பு என்றால் உயிர். "அந்த நேரம் பார்த்து மேலே ஒரு பருந்து போச்சு, நான் அண்ணாந்துட்டேன்," என்றது. "ஆனா மெரித் கால் படிக்கிட்ட வந்துச்சு. பூசாரி நிழலும் வந்துச்சு. நான் யாரையும் சொல்லல. வந்துச்சுன்னுதான் சொல்றேன்."

அவ்வளவுதான். விடிவதற்குள் ஊர் கெட்டுப்போய்விட்டது.

ஹெனுத்தே எடுத்து ஒளித்துவிட்டு அழுகிறாள் என்றது ஒரு தெரு. பூசாரி வீட்டு வாத்து திடீரென்று கொழுத்திருக்கிறதே, என்ன தின்கிறதாம் என்றது இன்னொரு தெரு. வீட்டுக்கு வீடு பானை வாயில் மண் அப்பிக் கட்டைவிரலைப் பதித்து வைத்தார்கள். ஒரு புருஷன் வெங்காயப் பானைக்கு விரல் பதித்துவிட்டு வயலுக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் மண்ணில் இருப்பது தன் ரேகை இல்லையே என்று சந்தேகம். பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்து வைத்து அளந்து பார்த்தான். "அளந்துட்டியா? இப்ப உன் ஆத்தா கையையும் போய் அள," என்றாள் அவள். கழுதைகள்கூடத் தீவனத்தை வயிற்றுக்கடியில் போட்டுப் படுத்துக்கொண்டன.

ஊரே வரிசையாகப் பெரியவர் முன்னால் நின்றது. பணியாரம் நீட்டியவர் எல்லாரிடமும் பெரியவர் வாயைச் சிறிதே திறந்து, வாங்கி, விழுங்கி, தலையை ஆட்டினார். எல்லாரும் யோக்கியர்கள். அப்படியானால் திருடியது யார்? யோக்கியர்கள் கூடக்கூடச் சந்தேகமும் கூடியது. "அவன் பணியாரத்தில் தேன் அதிகம், அதான் தின்னுட்டார்," என்று பேச்சு கிளம்பியது. மறுபடி வரிசை. மறுபடி பணியாரம். பெரியவருக்கு வயிறு தரையைத் தொட்டது.

ஆற்று வெள்ளம் வடிய ஆரம்பித்தது. விதைக்கவேண்டும். முத்திரை கிடைக்காமல் கதவைத் திறந்து, உள்ளே விதை குறைந்திருந்தால் பழி யார் மேல் விழும்? திறக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பூசாரி பாசேர் குளக்கரையில் வந்து கும்பிட்டார்.

"பெரியவரே, எல்லாரையும் நல்லவங்கன்னு சொன்னா எப்படி? ஒருத்தரையாவது காட்டுங்க. இல்லேன்னா ஊரு உங்களையே நம்பாது."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு ஹெனுத் கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வீட்டில் தேன் தீர்ந்து போயிருந்தது. வெறும் மாவுப் பணியாரம்.

ஊர் ஒரே மூச்சாக "ஆ!" என்றது. பெரும்பாலும் நிம்மதி மூச்சு. தான் இல்லை என்று ஆகிவிட்டதே.

நாணல் படகை இழுத்து வந்தார்கள். ஹெனுத்தின் கையைப் பிடிக்க இரண்டு பேர் வந்தார்கள். அவள் கையைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முந்தி ரெண்டு தடவையும் தேன் வச்சுக் குடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினேன். பிசுபிசுன்னு இருந்துச்சு," என்றாள். "உங்களுக்கும் அப்படித்தானே? எந்தக் காலத்திலாவது பெரியவர் நக்காம விட்ட கை உண்டா?"

ஒவ்வொருவரும் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தனை நாளா ஒரு வார்த்தையும் பேசலையே. என்னைத் திருடின்னு அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. நானே படகில ஏறிக்கிறேன்."

பாசேருக்கு முகம் சிவந்தது. "யாரைச் சந்தேகப்படுற, தெரியுதா உனக்கு?"

"ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு, பூசாரி ஐயா. மிச்சம் ஒருத்தர்தான்."

கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஆள்காட்டி மட்டும் முன்னால் வந்தது.

"எனக்குக் கொஞ்சம் தேன் வேணும்," என்றாள் ஹெனுத். பணியாரத்துக்குக் கடன் கேட்டு வந்தவர்களிடம், தன் வீட்டில் தேன் இல்லை என்று எல்லாரும் ஏற்கெனவே சத்தியம் செய்திருந்தார்கள். இப்போது எடுத்துக்கொடுப்பவர் பொய்ச்சத்தியம் செய்தவர் ஆகிவிடுவார். அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

மெரித் வீட்டுக்குள் போனாள். மண் அப்பி விரல் பதித்த ஒரு குடுவையை எடுத்து வந்து, எல்லார் கண் முன்னாலும் கல்லில் தட்டி வாயை உடைத்தாள். "என்ன பார்க்கறீங்க? ஒளிச்சுதான் வச்சிருந்தேன்," என்றாள். "அவ மேல எனக்குக் கோபம்தான். அதுக்காக ஆத்தோட போகணும்னு இல்ல."

ஹெனுத் உள்ளங்கை நிறையத் தேனை ஊற்றிக்கொண்டு படியிறங்கினாள். கையைப் பெரியவரின் மூக்குக்கு முன்னால், பல்லுக்கு எட்டும் தூரத்தில் நீட்டினாள். பணியாரம் இல்லை. விழுங்க ஒன்றும் இல்லை. நக்கினால்தான் உண்டு.

பெரியவர் கண்ணை மூடினார். தேன் வாசம் விடவில்லை. கண்ணைத் திறந்தார். கடைக்கண்ணில் தண்ணீர் வழிந்தது. தேன் சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. ஹெனுத்தின் கை ஆடவில்லை.

தாங்க முடியாமல் அந்த நீள நாக்கு வெளியே வந்தது. அதன் அடியிலிருந்து கல்வண்டு உருண்டு, டக்கென்று படியில் விழுந்தது.

ஆள்காட்டி போட்ட சத்தம் அக்கரை வரை கேட்டது.

"களவு இல்லேன்னா எனக்கு யாரு பணியாரம் தர்றா?" என்றார் பெரியவர். முத்திரை போனதும் பேச்சு பழையபடி தெளிவாக வந்தது. "நான் எடுத்தது ஒரு கல்லுதான். மத்ததெல்லாம் நீங்களா செஞ்சது."

அது உண்மைதான். அதனால்தான் எல்லாருக்கும் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அடிக்கக் கழி எடுத்தார்கள். ஹெனுத் தடுத்தாள். "என் வேலையை நான் செய்யறேன்," என்று ஆற்று வண்டலை ஒரு கை அள்ளி வந்தாள். "வாயைத் திறங்க, பெரியவரே."

சுற்றிலும் கழிகள். பெரியவர் திறந்தார். அவள் அந்த நாக்கை மடித்துக் கீழ்த்தாடையோடு அழுத்தி, மேலே மண்ணை அப்பி, களஞ்சியக் கதவுக்குக் குத்துவதுபோலவே முத்திரையைக் குத்தினாள். வெயிலில் மண் காய்ந்து இறுகிவிட்டது. நாக்கு அடியோடு ஒட்டிக்கொண்டது. பேச்சும் அதோடு போயிற்று. கடுக்கனையும் காப்பையும் கழற்றிக்கொண்டு பெரியவரை ஆற்றில் விட்டார்கள்.

"முத்திரைன்னா தினமும் பார்க்கணும், யாராவது விண்டுட்டா?" என்றாள் ஹெனுத், பழக்கதோஷத்தில்.

"நான் பார்த்துக்கறேன். உங்களை யாரையும் நம்பி விட முடியாது," என்றது ஆள்காட்டி.

அன்றைக்கு இறுகிய நாக்கைத்தான் முதலை இன்றைக்கும் வெளியே நீட்ட முடியாமல் இருக்கிறது. வெயில் ஏறினால் கரைக்கு வந்து, வாயைப் பிளந்து, அசையாமல் கிடக்கிறதே, ஏன்? முத்திரைச் சோதனைக்குத்தான். குருவி உள்ளே போய், பல்லிடுக்கெல்லாம் பார்த்து, நாக்கைக் குத்திப் பார்த்து வெளியே வரும். இரண்டடி போய் நின்று யோசிக்கும். சந்தேகம் தீராமல் மறுபடியும் உள்ளே போகும்.