கைராசி வைத்தியரும் கரடியின் முழங்காலும்

ஒரு காட்டில், ஓடை வற்றிக்கொண்டிருந்த கோடையில், நரி ஒன்று வைத்தியர் ஆகிவிட்டது. யாரும் அதை நியமிக்கவில்லை, தானே ஆனது. பிள்ளைகளே, நம் தலைமேல் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள்.

அந்தக் காட்டில் இருந்த தாய்க்கரடி ஒருநாள் பாறையில் சறுக்கி விழுந்தது. முழங்கால் வீங்கிவிட்டது. நரி தினமும் காலையில் ஓர் உருண்டையை ஆலிலையில் மடித்துக் கொடுத்தது.

"கிழக்கே பார்த்து விழுங்கு. மெல்லாதே, மென்றால் பலிக்காது. என் கை ராசியான கை" என்றது.

கரடி விழுங்கும். கொஞ்ச நேரத்தில் வலி குறையும். அதற்குக் கூலி, நாளுக்கு ஒரு தேனடை.

ஓடையின் கடைசிக் குட்டையும் சேறானது. இனி மலைக்கு அப்பால் உள்ள ஆற்றில்தான் தண்ணீர். கரடியின் இரண்டு குட்டிகளுக்கும் நாக்கு உலர்ந்துவிட்டது.

"வைத்தியரே, மலை ஏறுவதற்கு மூன்று உருண்டை கொடுங்கள்" என்று கேட்டது கரடி.

"பெரிய ஏற்றம், பெரிய மருந்து. உன் தேன்மரம் இனிமேல் என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடு."

"திரும்பி வந்தால் என் குட்டிகள் எதைத் தின்னும்?"

"முதலில் உயிரோடு போய்ச் சேரட்டும், தாயே. என் உருண்டை இல்லாமல் நீ பாதி மலைகூட ஏறமாட்டாய்."

கரடி தலை குனிந்தது. சம்மதம் சொல்ல வாயெடுத்தது. அப்போது பக்கத்தில் நின்ற எறும்புத்தின்னி, நரியின் கையிலிருந்த உருண்டையைத் தன் நீண்ட நாக்கால் ஒரு நக்கு நக்கியது.

"அட அக்கா, இது புற்றுமண்! கறையானுக்காக நீயும் நானும் தினமும் தோண்டுகிற அதே புற்று. மேலே சாம்பல் பூசியிருக்கிறான், அவ்வளவுதான்!"

கரடி உருண்டையைக் கடித்துப் பார்த்தது. புற்றுமண்ணேதான்.

நரி அசரவில்லை. "மண் என்றே வைத்துக்கொள். வலி குறைந்ததா, இல்லையா? பொய் சொல்லாமல் சொல்."

கரடிக்குப் பொய் வராது. "குறைந்தது."

"கேட்டீர்களா எல்லாரும்! அதுதான் என் கைராசி!"

"அந்தக் கைராசியை உங்கள் சொறிக்கும் கொஞ்சம் தடவிக்கொள்ளக் கூடாதா, வைத்தியரே?" என்றது எறும்புத்தின்னி. குட்டையைச் சுற்றி நின்ற மான்களும் முயல்களும் சிரித்தன. நரி சொறிபிடித்த வாலைச் சுருட்டி மறைத்தது.

கரடி சிரிக்கவில்லை. அது யோசித்துக்கொண்டிருந்தது.

"பிறந்ததிலிருந்து நான் தின்னாத புற்றுமண்ணா? அதற்கு வலி குறைக்கத் தெரியாது. உன் கை என் காலைத் தொட்டதுகூட இல்லை. குறையும் என்று நம்பியது நான். குறைந்தது என் வலி. இதில் உன் பங்கு எது?"

"வீக்கம் அப்படியே இருக்கிறது. ஏறிப் பார், தெரியும்!"

"வீக்கம் உன் உருண்டையாலும் வற்றவில்லை. ஆற்றங்கரையில் காலை நீட்டி ஓய்ந்து கிடந்தால் வற்றும். அதுவரைக்கும் ஏறுவேன். தேன்மரம் என் குட்டிகளுக்கு."

கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டது.

ஏற்றம் எளிதாக இருந்தது என்று நான் உங்களிடம் கதை விடமாட்டேன். ஒவ்வொரு பாறையிலும் வலித்தது. 'முடியாது' என்று நினைத்துக் காலை ஊன்றியபோது அதிகமாக வலித்தது. 'ஏறிவிடுவேன்' என்று ஊன்றியபோது கொஞ்சம் குறைவாக வலித்தது. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது கரடி.

பாதி மலையும் தாண்டியது. உச்சியில் ஈரக்காற்று முகத்தில் பட்டது. கீழே ஆறு மின்னியது.

"வலிக்கிறதா அம்மா? நாங்கள் இறங்கி நடக்கட்டுமா?" என்று கேட்டது ஒரு குட்டி.

"வலிக்கத்தான் செய்கிறது. கெட்டியாகப் பிடித்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, கரடி அடுத்த அடியை எடுத்துவைத்தது.

நீதி: நம்பிக்கை நோவைத் தணிக்கும், ஆனால் அந்த நம்பிக்கை உன்னுடையது. அதை உனக்கே விற்க வருகிறவனிடம் தலை குனியாதே.