செத்த யானைக்கு ஒரு முத்திரை

ரொம்ப காலத்துக்கு முன்னால் பாலைக்கரை நாட்டை வில்லவராயர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். வாரி வழங்குவதில் கெட்டிக்காரர். வழங்குவதற்கு முன் யோசிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் சபைக்கு வந்தார். அரசருக்குக் குஷி பிறந்துவிட்டது. அரண்மனை யானைகளின் பெயர்கள் எழுதிய சுவடியைப் படிக்கச் சொன்னார். கார்முகில் என்ற பெயர் அவருக்குப் பிடித்துப்போனது.

"அந்த யானை உங்கள் மன்னருக்கு என் பரிசு!"

யானையை ஓட்டிவரப் போன சேவகன், பாகன் மாதனோடு திரும்பி வந்தான்.

"கார்முகில் போன மழைக்காலத்திலேயே செத்துப்போச்சு, சாமி," என்றான் மாதன்.

தூதர் மீசைக்குள் சிரித்தார். அரசரின் முகம் சிவந்தது. "சுவடியில் உயிரோடு இருக்கிறதே! யார் பொறுப்பு?"

"செத்த அன்றே எழுத்தரிடம் சொல்லிட்டேன், சாமி."

"அரண்மனை யானையின் பெயரை அடிக்க எனக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள்?" என்றார் எழுத்தர். பாலைக்கரையில் அரசர் சொல்லாமல் சுவடியில் ஒரு பெயரை அடிக்கும் வழக்கம் இல்லை.

"சுவடியைக் கரையான் அரிக்காமல் காப்பதுதான் என் வேலை," என்றார் சுவடி அறைக் காவலர் சாத்தனார்.

அந்த அறையின் சாவிமேல் கருவூலத் தலைவர் பூபாலராயருக்கு நெடுநாளாக ஒரு கண். "சுவடி இவரிடம்தானே இருக்கிறது? இவரை நாடு கடத்துங்கள், அரசே. எழுதுவது, திருத்துவது, காப்பது எல்லாவற்றையும் என்னிடம் விடுங்கள்."

"அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள் சாத்தனார் எல்லையைத் தாண்ட வேண்டும்."

சாத்தனார் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றினார். இந்த வயதில் எந்த நாட்டில் போய்ப் பிழைப்பது?

அமைச்சர் நன்னம்பி எழுந்தார். "நல்ல ஏற்பாடு, அரசே. சுவடியில் இருப்பதெல்லாம் உண்மை என்று முத்திரை வைத்துவிட்டுப் பூபாலராயர் பொறுப்பேற்கட்டும்."

பூபாலராயர் சுவடியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மோதிரத்தை அரக்கில் அழுத்தினார்.

"ஆக, கார்முகில் உயிரோடு இருக்கிறது," என்றார் நன்னம்பி. "தூதர் காத்திருக்கிறார். ஓட்டிக்கொண்டு வாருங்கள்."

"என்ன விளையாட்டு இது? அதுதான் செத்துவிட்டதே!"

"உண்மை என்று முத்திரை வைத்தது யார்?"

"யானை இருக்கிறதா, செத்ததா என்று எனக்கு எப்படி ஐயா தெரியும்? அது என் வேலையா?"

"இதைத்தான் சாத்தனாரும் சொன்னார்."

சபை சிரித்தது. தூதர் இப்போது வாய்விட்டே சிரித்தார்.

"அப்படியானால் தப்பு யார்மேல்?" என்றார் அரசர்.

"தெரிந்தவனிடம் அதிகாரம் இல்லை. எழுதுகிறவரிடம் உத்தரவு இல்லை. இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுத்திருக்க வேண்டியவர்..." நன்னம்பி பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"நான்தான். சொல்லித் தொலையுமே!" அரசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சாத்தனாரே, நீர் எங்கும் போக வேண்டாம். சுவடி உம் காவலிலேயே இருக்கட்டும். யானைகளைப் பற்றி மாதன் சொல்வதே முடிவு. அவன் சொன்ன அன்றே எழுத்தர் எழுத வேண்டும், அடிக்க வேண்டும். என்னைக்கூடக் கேட்க வேண்டாம். தூதரே, மாதனைக் கேட்டுவிட்டு வேறு யானை தருகிறேன்."

நன்னம்பியின் தோளில் அரசரின் முத்துமாலை விழுந்தது.

"எனக்கு என்ன பொறுப்பு, அரசே?" என்று மெல்லக் கேட்டார் பூபாலராயர்.

"பௌர்ணமிதோறும் கொட்டிலுக்குப் போம். ஒவ்வொரு யானையாகப் பார்த்து, சுவடி சரிதான் என்று முத்திரை வையும்."

"தள்ளி நின்று பார்த்தால் போதாதா?"

"மாதனைக் கேளும்."

மாதன் பூபாலராயரை ஏற இறங்கப் பார்த்தான்.

"தொட்டுப் பார்த்தால்தான் கணக்கு, சாமி."