பல்லக்குக்குத் தங்கம் உண்டு

ஒரு காலத்திலே, பெரிய ஏரி ஒன்றை நம்பிப் பிழைத்த நாட்டைக் கோமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். வடக்கே படையெடுத்துப் போய் ஜெயித்துத் திரும்பினான். அதற்குப் பிறகு ஊரில் பல பெண்களுக்குக் கரு தங்கவில்லை. அரசி நாகதேவிக்கும் அதே கதிதான். மலடி என்று முடிவு கட்டி, அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பப் பல்லக்குக்குத் தங்கத் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மந்திரி பொறையனாருக்கு இது பொறுக்கவில்லை. சபையில் எழுந்து சொன்னார்: "அரசே, படையோடு மேகநோயும், ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுகிற அந்த நோயும், ஊருக்குள் வந்திருக்கிறது. பெண்களின் கருப்பையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து அரிக்கிற நோய் அது. மருத்துவச்சிகளை அனுப்பி எல்லாரையும் சோதிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கஷாயத்தோடு போய்விடும்."

கருவூலத் தலைவர் சிங்கபூபதி சிரித்தார். "வலிக்கிறது என்று எவளாவது வந்து சொன்னாளா? சொல்லாதவளுக்கு எதற்கு ஐயா வீண் செலவு?"

ராஜாவும் தலையாட்டினான். பல்லக்குக்குத் தங்கம் உண்டாம், மருத்துவச்சிக்குக் கூலி இல்லையாம்! இது என்ன நியாயம்?

ஐப்பசி மழை பிடித்தது. மழை நாளில் ஏரிக்கரை முழுக்க ஆட்கள் நடந்து, நண்டு வளைகளைத் தேடி அடைப்பது அந்த நாட்டு வழக்கம். அன்றைக்குக் கரையில் ஓர் ஆளையும் காணோம். ராஜா பதறிப்போனான்.

"மந்திரியாரே! கரையைப் பார்க்க ஏன் ஆள் அனுப்பவில்லை?"

"கரை வலிக்கிறது என்று சொல்லவில்லையே, அரசே. சிங்கபூபதியார் வழியில் செலவை மிச்சம் பிடித்தேன்."

"பைத்தியமா உமக்கு? கரை வாய் திறந்து சொல்லுமா? வளை உள்ளுக்குள்ளேயே ஓடும். இன்றைக்குப் பார்த்தால் ஒரு கூடை களிமண்ணோடு போகும். உடைந்தால் நாடே போகும்!"

"அதைத்தானே அன்றைக்குத் தொண்டை வறளச் சொன்னேன்! கரைக்கு இருக்கிற மதிப்பு உங்கள் மனைவிக்கு இல்லையா? பயப்படாதீர்கள், போன வாரமே வளைகளை அடைத்தாயிற்று. பெண்களைத்தான் இன்னும் யாரும் பார்க்கவில்லை."

ராஜா தலை குனிந்தான். "போருக்குப் போனவன் நான். நோயைக் கொண்டுவந்தவனும் நானாகத்தான் இருக்கும். முதலில் என்னைச் சோதியுங்கள். நாகதேவி எங்கும் போக வேண்டாம்."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அரசி எழுந்தாள். "போவதா இருப்பதா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். நீங்கள் முதலில் மருந்தைக் குடியுங்கள்."

அந்தத் தங்கப் பல்லக்கில் மருத்துவச்சிகள் தெருத்தெருவாகப் போனார்கள். ராஜாவின் கட்டளைப்படி முன்தண்டைச் சுமந்தவர் சிங்கபூபதி. நான்காவது தெருவிலேயே, "ஐயோ, தோள் வலிக்கிறதே!" என்று அலறினார்.

பொறையனார் திரும்பிப் பார்த்தார். "வலி உங்களுக்குத் தெரிகிறது, வாய்விட்டுச் சொல்லவும் முடிகிறது. கொடுத்துவைத்தவர் ஐயா நீர். நடையும்."