புலிக்குப் பத்தடி தூரத்தில்

ஆனைமடு என்ற குளத்தின் கரையில் கிளைக்கொம்பன் என்ற மிளா தன் மனைவி செவ்வந்தியோடு வாழ்ந்து வந்தது. மிளா என்றால் மான்களிலேயே பெரிய மான். அந்த நினைப்பு கிளைக்கொம்பனுக்கு எப்போதும் உண்டு.

அங்கே தண்ணீர் வற்றுவதில்லை. புல்லுக்கும் குறைவில்லை. குளத்துக்கு மேலே வெள்ளருவி என்ற அருவி இரவு பகலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கிளைக்கொம்பனுக்கு ஒரே ஒரு குறைதான். தன்னைவிட வேறு யாரையாவது ஊர் மதித்துவிட்டால் அதற்குப் புல் இறங்காது.

அந்தக் கோடையில் ஊர் மதித்தது ஒரு மயிலை. நயவசனன் என்ற நரியோடு அந்த மயில் உல்லாசப் பயணம் போய்த் திரும்பியிருந்தது. போகும்போது நீளமான தோகை இருந்தது. வரும்போது இல்லை.

"தோகை எங்கே?" என்று முயல்கள் கேட்டன.

"நகரத்தில் இப்போது யார் தோகை வைத்துக்கொள்கிறார்கள்? இதுதான் அங்கே நாகரிகம்!" என்றது மயில்.

"பயணம் எப்படி இருந்தது?"

"அதையெல்லாம் வாயால் சொல்ல முடியாது!"

அன்று முழுவதும் முயல்களும் குரங்குகளும் மயிலின் பின்னாலேயே சுற்றின. கிளைக்கொம்பனுக்குப் புதுக்கொம்பு முழுதாக வளர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாளே நரிக்கு ஆள் போயிற்று.

"ஐயா, உங்களுக்கென்றே ஒரு பயணம் வைத்திருக்கிறேன்!" என்றது நயவசனன். "முதலில் நகரம். அடுத்து இயற்கை அதிசயம். கடைசியில் சஃபாரி! மூன்றும் ஒரே பயணத்தில்! வழியெல்லாம் ராஜ உபசாரம்!"

"சஃபாரி என்றால்?"

"காட்டுக்குப் போய் மிருகங்களைப் பார்ப்பது ஐயா!"

"நாங்கள் காட்டில்தானே இருக்கிறோம்? நாங்களே மிருகங்கள்தானே?" என்று செவ்வந்தி குறுக்கிட்டது.

"அம்மா, இருப்பது வேறு, பார்ப்பது வேறு! நான் காட்டப்போவது புலி! பத்தடி தூரத்தில்!"

"புலி எங்களைப் பார்க்காதா?"

"பார்க்கும்! பார்த்துத் தலையாட்டும்! நாகரிகம் தெரிந்த புலி. விருந்து என்றால் அதற்கு உயிர்!"

"இதற்கெல்லாம் நாங்கள் உனக்கு என்ன தர வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம் அம்மா. நீங்கள் வந்தால் போதும்! நீங்கள் வருவதுதான் எனக்கு லாபம்!"

அன்று நரி சொன்னவற்றில் உண்மை என்றால் அது ஒன்றுதான்.

"என்னங்க, எனக்கு இது சரியாகப் படவில்லை," என்றது செவ்வந்தி.

"மயில் போய்விட்டு வரவில்லையா? ஒரு பறவைக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இருக்காதா?" என்றது கிளைக்கொம்பன்.

தனியாக விட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து செவ்வந்தியும் கூடவே கிளம்பியது.

நகரம் வந்தது. அதாவது, நகரத்தின் குப்பைமேடு வந்தது. தங்குவதற்கு நரி காட்டிய மாளிகை, கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளை. சாப்பிட வாடிய பூமாலைகளும் வாழைப்பழத் தோலும் கிடைத்தன.

"இதுதான் நகரத்து விருந்து! மெதுவாக ரசித்துச் சாப்பிடுங்கள்!" என்றது நரி. அது மட்டும் மேட்டின் அந்தப் பக்கம் போய்க் கோழி எலும்புகளை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தது.

"வாய்க்கு விளங்கவில்லை," என்றது செவ்வந்தி.

"உனக்கு நகரத்து ருசி பழகவில்லை," என்றது கிளைக்கொம்பன். பூமாலையின் நார் அதன் பல்லில் சிக்கியிருந்தது.

மறுநாள் காலையில் நரி அவற்றை ஒரு பழைய பங்களாவின் வேலி ஓரம் கூட்டிப் போனது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சுவரின் நடுவில், இரு விளக்குகளுக்கு இடையே, ஒரு மிளாவின் தலை. பெரிய கொம்பு. பளபளக்கும் கண்.

"ஆகா! யார் அவர்?" என்று கிளைக்கொம்பன் கழுத்தை நீட்டியது.

"உங்கள் இனத்துப் பெரிய மனிதர் ஐயா! மனிதர்கள் அவரை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! உங்களைப் போலத்தான் பயணம் வந்தார். இடம் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார்!"

கிளைக்கொம்பன் மரியாதையாகத் தலை குனிந்தது. சுவரிலிருந்து பதில் வரவில்லை.

"கண்ணே இமைக்கவில்லையே!" என்றது செவ்வந்தி.

"பெரிய மனிதர்கள் அப்படித்தான் அம்மா."

"உடம்பு எங்கே?"

"சுவருக்கு அந்தப் பக்கம்," என்றது நரி, கொஞ்சமும் தயங்காமல்.

செவ்வந்தி கணவனை நெருங்கி வந்தது. "என்னங்க, வீட்டுக்குப் போய்விடலாம்!" என்று கணவனின் காதோரம் கெஞ்சியது. கிளைக்கொம்பனோ அந்தத் தலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தது. என்ன உயரம்! என்ன மரியாதை!

பிறகு மலையேற்றம். ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஏறினார்கள். உச்சியில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் பாய்ந்து கீழே விழுந்துகொண்டிருந்தது.

"இதோ, இயற்கை அதிசயம்!" என்றது நரி.

"அடடா! அடடா!" என்றது கிளைக்கொம்பன்.

செவ்வந்தி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தது. "இது நம் வெள்ளருவிதானே! கீழே பாருங்கள், ஆனைமடு தெரிகிறது. நாம் தினமும் தண்ணீர் குடிக்கிற இடம்!"

"அம்மா, வீட்டில் நின்று பார்த்தால் அருவி. பயணம் வந்து பார்த்தால்தான் அதிசயம்!" என்றது நரி.

"கேட்டாயா? இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்வது!" என்றது கிளைக்கொம்பன்.

"இங்கிருந்து இறங்கினால் ஒரு நாழிகையில் வீடு. வாருங்கள், போய்விடலாம்."

"புலியைப் பார்க்காமலா? மயில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?"

செவ்வந்தி கீழே தெரிந்த பச்சைக் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கணவனின் பின்னால் நடந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழப்புலி இருந்தது. நரி அதற்கும் ஒரு சொகுசுப் பயணத்தை விற்றிருந்தது. "மகாராஜா, நீங்கள் எங்கும் போக வேண்டாம்! படுத்த இடத்துக்கே சாப்பாடு வந்து நிற்கும். இரண்டு கொழுத்த மிளா! மிச்சம் மீதி மட்டும் எனக்குப் போதும்!" இதை நம்பிப் புலி மூன்று நாளாக வேட்டைக்கே போகாமல் காத்துக் கிடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் நரி மிளாக்களை ஒரு பாறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. "இதுதான் நல்ல இடம். அசையாமல் நில்லுங்கள். ஓடினால் அழகு கெட்டுவிடும்!"

பாறைக்குப் பின்னாலிருந்து புலி எழுந்து வந்தது. மிளாக்களைக் கொம்பிலிருந்து குளம்புவரை மெல்லப் பார்த்தது. அதன் தலை மேலும் கீழும் போய்வந்தது.

"பார்! தலையாட்டுகிறது!" என்று கிளைக்கொம்பன் பூரித்துப்போனது.

புலி நரியின் பக்கம் திரும்பியது. "கொழுத்தது என்று சொன்னாயே! எலும்புதானே தெரிகிறது! இதற்கா மூன்று நாள் பட்டினி கிடந்தேன்?"

"புறப்படும்போது கொழுகொழுவென்றுதான் இருந்தன, மகாராஜா! நகரத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை!"

"புலி யாரைப் பற்றிப் பேசுகிறது?" என்று கிளைக்கொம்பன் மெதுவாகக் கேட்டது.

செவ்வந்திக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓடினால் புலி பாய்ந்துவிடும். நின்றால் தின்றுவிடும். ஓர் அடி முன்னால் வந்து உரக்கப் பேசியது.

"மகாராஜா! நீங்களும் ஏமாந்துவிட்டீர்களா? எங்களுக்கும் ராஜ உபசாரம் என்றுதான் இந்த நரி சொன்னான். கிடைத்தது வாழைப்பழத் தோல்! உங்களுக்கு மூன்று நாள் பட்டினி. ஆனால் இவன் வயிற்றைப் பாருங்கள்! எங்கள் மூவரில் கொழுத்திருப்பது யார்?"

புலி நரியை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தது. கோழி தின்ற வயிறு உருண்டு தொங்கியது. ரோமம் மினுமினுத்தது.

"ஆமாம்..." என்றது புலி.

"மகாராஜா! நான் ஏற்பாட்டாளன்! சாப்பாடு இல்லை!" என்று நரி அலறியது.

"ஓடுங்கள்!" என்றது செவ்வந்தி.

செவ்வந்தி பாறையோரம் இருந்த பள்ளத்தில் பாய்ந்தது. கிளைக்கொம்பன் ஒரு கணம் பிந்திவிட்டது. நரியை நோக்கித் திரும்பிய புலி மிளாவின் அசைவைக் கண்டு பாதியில் இந்தப் பக்கம் பாய்ந்தது. பசியில் தளர்ந்த உடம்பு. கழுத்துக்கு வைத்த அடி தொடையில் விழுந்தது. நான்கு நகமும் இறங்கின. கிளைக்கொம்பன் உருண்டு புரண்டு பள்ளத்தில் விழுந்து, எழுந்து, முட்புதர்களைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நரி எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

காயத்தோடு நொண்டி நொண்டி வீடு சேர இரண்டு நாள் ஆனது. 

"மயில் தன் தோகையை எங்கே விட்டுவிட்டு வந்தது என்று இப்போது புரிகிறதா?" என்றது செவ்வந்தி.

கிளைக்கொம்பன் நின்றுவிட்டது. "பாவி! அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் சொல்வீர்களா?"

கிளைக்கொம்பன் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தது.

குளக்கரை வந்தபோது அங்கே ஒரே கூட்டம். நடுவில் நயவசனன் நின்றுகொண்டிருந்தது! புலியிடமிருந்து தப்பி, குறுக்கு வழியில் முன்பே வந்து சேர்ந்திருந்தது. "கிளைக்கொம்பனார் இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்!" என்று சொல்லி அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு புள்ளிமான் குடும்பம், மூன்று குட்டிகளோடு, புறப்படத் தயாராக நின்றது.

மிளாக்களைப் பார்த்ததும் நரிக்கு முகம் வெளுத்தது. ஆனால் ஒரே கணம்தான்.

"இதோ, அவரே வந்துவிட்டார்! வழிவிடுங்கள்! நம் காட்டிலேயே புலியைப் பத்தடி தூரத்தில் நேருக்கு நேர் பார்த்த ஒரே வீரர்! ஐயா, பயணம் எப்படி இருந்தது? நீங்களே சொல்லுங்கள்!"

கூட்டம் மொத்தமும் கிளைக்கொம்பனை நிமிர்ந்து பார்த்தது. காட்டெருமைகூட மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இந்தப் பார்வைக்காகத்தான் அது போனது. தலையை நிமிர்த்தி, 'வாயால் சொல்ல முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஜன்மம் முழுவதும் மரியாதை.

கிளைக்கொம்பன் மனைவியைப் பார்த்தது. செவ்வந்தி புள்ளிமான் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது புள்ளிமான் குட்டி ஒன்று முன்னால் வந்தது. "பெரியப்பா, புலி எங்களைப் பார்த்தும் தலையாட்டுமா?"

கிளைக்கொம்பன் குட்டியைக் குனிந்து பார்த்தது. மெல்லத் திரும்பித் தன் பின்தொடையைக் கூட்டத்துக்குக் காட்டியது. நான்கு கோடுகள், இன்னும் ஆறாமல் சிவந்திருந்தன.

"புலி இப்படித்தான் தலையாட்டியது, கண்ணு. நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அதற்குச் சாப்பாடாகப் போனேன். அதுகூடத் தெரியாமல் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் பெரியம்மா இல்லையென்றால் இப்போது உன்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். யாரும் போகாதீர்கள்!"

 பிறகு எல்லோரும் நரியைத் தேடினார்கள். அது நின்ற இடத்தில் புழுதி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

கிளைக்கொம்பன் பயணக் கதையைச் சொல்லச் சொல்லச் சிரிப்பு தொடங்கியது. முதலில் குரங்குகள், பிறகு முயல்கள். "வாழைப்பழத் தோலா? நிஜமாகவா?" என்று கேட்டுக் கேட்டுக் காட்டெருமை வயிறு குலுங்கச் சிரித்தது. கிளைக்கொம்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் விலகிப் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் சொன்னது. புள்ளிமான் குட்டிகள் மூன்றும் அதன் காலடியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன.

ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், ஏமாற்றுகிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.