யானை வைத்தியருக்கு அடுத்த இலை

முன்னொரு காலத்தில் மருதங்காட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவரைத் தலையில் தூக்கிவைத்தால் மாலையில் இறக்கிவிடுவார். மற்றபடி நல்லவர்.

பௌர்ணமிதோறும் அரசவையே படகேறித் தீவுக் கோயிலுக்குப் போகும். மனிதர்கள் ஒரு படகில், பெட்டிகள் இன்னொன்றில். பெட்டிப் படகுக்குப் பொறுப்பு தாண்டவராயர். ஒருமுறை ராஜாவின் முத்துமாலை பெட்டிக்குள்ளிருந்தே காணாமல் போனது. பூட்டும் அரக்கு முத்திரையும் அப்படியே இருந்தன.

"பெட்டி கட்டியது அமைச்சர் வீட்டில். உள்ளே வைத்திருந்தால்தானே இருக்கும்?" என்றார் தாண்டவராயர். அமைச்சர் பதவிமேல் அவருக்குப் பத்து வருஷமாகக் கண்.

ராஜா அமைச்சர் நல்லசிவத்தைப் பார்த்தார். "அடுத்த பௌர்ணமிக்குள் திருடனைக் காட்டும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிடும்."

நல்லசிவம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கக் கீலின் ஆணியை விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு வந்தது. 'வாசலுக்கு மலையளவு பூட்டு, கொல்லைக்குக் கதவே இல்லை' என்று சிரித்துக்கொண்டார். வழி தெரிந்துவிட்டது. ஆளைக் காட்ட வேண்டுமே.

அடுத்த பௌர்ணமிக்கு அதே பெட்டியை ராஜாவிடம் கொண்டுபோய் முத்திரை வைக்கச் சொன்னார். பிறகு நாலு பேர் தூக்கிவந்து படகில் ஏற்றினார்கள்.

"பத்திரம் ஓய், விலைமதிப்பில்லாத பொருள்" என்றார் நல்லசிவம்.

"என் கண்ணைவிட்டு அகலாது" என்றார் தாண்டவராயர்.

தீவில் இறங்கியதும் இறங்காததுமாகத் தாண்டவராயர் மீசை துடிக்க ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா, இது நியாயமா? கோயில் விருந்தில் எனக்குப் பதினோராவது இலையாம். அதுவும் யானை வைத்தியருக்குக் கீழே!"

"யார் சொன்னது?"

"அமைச்சர் எழுதிய பந்திப் பட்டியல்தான் சொல்கிறது."

ராஜா திரும்பினார். "அந்தப் பட்டியல் எங்கே?"

"தாங்கள் முத்திரை வைத்த பெட்டியில், பிரபு" என்றார் நல்லசிவம். "அதற்கடியில் கனத்துக்குச் செங்கல். ஒருவருக்கும் நான் காட்டவில்லை."

ராஜா குனிந்து பார்த்தார். அரக்கில் கீறல்கூட இல்லை. நல்லசிவம் பெட்டியைத் திருப்பி, கீலாணியை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். தாண்டவராயர் யானை வைத்தியரைப் பார்த்தார். அவரும் நகர்ந்து நின்றார்.

முத்துமாலை மறுநாளே தாண்டவராயர் வீட்டு நெற்குதிரிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் முன்னும் பின்னும் கயிறு சுற்றி இரண்டு முத்திரை. மோதிரம் நல்லசிவம் விரலிலேயே இருந்தது, கூடவே ஒரு வைரக் கடுக்கனும் வந்தது.

பௌர்ணமியன்று கோயில் விருந்தில் தாண்டவராயருக்கு இலை போடாமல் விடவில்லை. வைத்தியருக்கு அடுத்து அல்ல, கோயில் யானைக்கு அடுத்து.